எந்தத் துறையின் பிள்ளை? தலைமைச் செயலாளருக்கு ஒரு சிறப்பாசிரியையின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில், வட்டார வள மையத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியையாக வேலை பார்க்கிறேன். ஆட்டிசம், கற்றல் குறைபாடு என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கப்படுவதைப் பற்றிய இந்த மடலை எங்கள் பள்ளிக் கல்வித் துறைச் செயலாளருக்கே எழுதியிருக்கலாம்தான். எழுதினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ‘இப்பொருள் மருத்துவம் சார்ந்தது’ என்று குறிப்பு எழுதி மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு அனுப்புவார்கள். அங்கே ‘சான்று வழங்குதல்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு மாற்றுத்திறனாளிகள் நலத் துறைக்குத் தள்ளுவார்கள். குழந்தைக்கு இன்னும் ஐந்து வயது ஆகவில்லை என்றால் அது அங்கன்வாடி, ஆகவே சமூக நலத் துறை. இந்த நான்கு துறைகளையும் ஒரே நாளில் கூப்பிட்டு உட்காரவைக்க முடிகிறவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் இந்த மடல் உங்களுக்கு.

ஆட்டிசம் (பேசுவதிலும் பிறரோடு பழகுவதிலும் வேறுபாடு), ஏடிஹெச்டி (கவனம் நிற்காமை, அளவுக்கு மீறிய துறுதுறுப்பு), கற்றல் குறைபாடு, பதற்ற நோய் என்று ஏதோ ஒரு பெயரோடு எங்களிடம் வரும் குழந்தைகள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறார்கள். ‘அந்தக் காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?’ என்று தாத்தாக்கள் கேட்கிறார்கள். ‘எல்லாம் செல்போனால் வந்தது’ என்கிறார்கள் ஆசிரியர்கள். ‘இது ஒரு பிசினஸ் மேடம்’ என்று சிரிக்கிறார்கள் சில டாக்டர்கள். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. பெயரை யார் வைக்கிறார்கள், எவ்வளவு நேரம் பார்த்துவிட்டு வைக்கிறார்கள், வைத்த பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல நம் அரசில் ஒரு நாற்காலி இல்லை.

முதலில் எண்ணிக்கை. அமெரிக்காவில் எட்டு வயதுக் குழந்தைகளில் ஆட்டிசம் உள்ளவர்களைத் தொடர்ந்து எண்ணிக்கொண்டு வருகிறார்கள். 2000இல் 150 பேரில் ஒருவர் என்றிருந்தது, 2022 கணக்கில் 31 பேரில் ஒருவர் ஆகிவிட்டது. இதைக் கேட்டதும் பயந்துவிடக் கூடாது. நடுவில் 2013இல் மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேட்டைத் திருத்தினார்கள். தனித்தனிப் பெயரில் இருந்த ஆஸ்பெர்ஜர் போன்றவற்றை ஆட்டிசம் என்ற ஒரே குடைக்குள் கொண்டுவந்தார்கள். ஒரே குழந்தைக்கு ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் சேர்ந்தே இருக்கலாம் என்று அப்போதுதான் ஒத்துக்கொண்டார்கள். ஏடிஹெச்டியின் அறிகுறிகள் ஏழு வயதுக்குள் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பன்னிரண்டு வயதாகத் தளர்த்தியதும் அந்தத் திருத்தம்தான். வலையை அகலமாக்கினால் மீன் கூடத்தான் செய்யும்.

நம் நாட்டிலும் அப்படி ஒன்று நடந்தது. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைதான். 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை இருபத்தொன்று ஆக்கியது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் பட்டியலுக்குள் வந்தது அப்போதுதான். அதற்கு முன்பும் அந்தப் பிள்ளைகள் இருந்தார்கள். கடைசி பெஞ்சில் ‘மக்கு’ என்ற பெயரோடு இருந்தார்கள், இல்லாவிட்டால் எட்டாம் வகுப்போடு நின்று ஒர்க் ஷாப்புக்குப் போனார்கள். பேசாத பிள்ளையைக் கோயிலில் கொண்டுபோய்க் கட்டிப்போட்டதும் நம் ஊரில்தான். ஆகவே எண்ணிக்கை கூடுவதில் பாதி நல்ல செய்தி என்பது என் எண்ணம். இதுவரை கண்ணில் படாதவர்கள் படுகிறார்கள்.

உண்மையிலேயே எவ்வளவு பேர்? இந்தியாவின் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளை வீடு வீடாகப் போய்ப் பார்த்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. ஏறக்குறைய எட்டில் ஒரு குழந்தைக்கு நரம்பு வளர்ச்சி சார்ந்த ஏதாவது ஒரு சிக்கல் இருந்தது. அதில் அதிகமாக இருந்தவற்றில் ஒன்று காது கேளாமை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு இருக்கிறது. 13 முதல் 17 வயதுக்காரர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு என்றது. அந்தக் கணக்கெடுப்பின்போது பிறந்த குழந்தை இப்போது ஐந்தாம் வகுப்பைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் கொரோனா வேறு வந்து போனது.

அந்தக் கொரோனாப் பிள்ளைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அப்போது ஒன்றரை, இரண்டு வயதில் இருந்தவர்கள் அங்கன்வாடியும் தெருவும் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணமும் பார்க்காமல் வளர்ந்தார்கள். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போனால் பாட்டி கையில் போன். பேச்சு தள்ளிப்போனது. இவர்களில் நிறையப் பேர் பள்ளிக்கு வந்து ஆறேழு மாதத்தில் கடகடவென்று பேசினார்கள். சிலர் பேசவில்லை. இந்த இரண்டாவது கூட்டத்தைத் தேடிப் பிடித்துப் பார்ப்பதுதான் அரசின் வேலை. நடந்தது வேறு. போன் திரையால் வருவதாகச் சொல்லி ‘விர்ச்சுவல் ஆட்டிசம்’ என்று பலகை எழுதிய தெரபி மையங்கள் முளைத்தன. அப்படி ஒரு நோய் எந்த மருத்துவக் கையேட்டிலும் இல்லை. பலகையில் மட்டும் இருக்கிறது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன், ஊரும் பெயரும் வேண்டாம். அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை, அப்பா மினி பஸ் டிரைவர். நான்கு வயதுப் பையன், கூப்பிட்டால் திரும்புவதில்லை, பத்து வார்த்தைக்கு மேல் பேச்சில்லை, எல்.கே.ஜி. மிஸ் மேல் சாமானை எடுத்து எறிகிறான். பள்ளியிலேயே ஒரு தெரபி மையத்தின் கார்டைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அம்மா எங்கள் மையத்துக்கு வந்தபோது ஜவுளிக்கடைக் கட்டைப்பை நிறையத் தாள். அதில் நான்கு பக்க ஆங்கில ரிப்போர்ட். ‘மைல்ட் டு மாடரேட் ஆட்டிசம், ஏடிஹெச்டி ஃபீச்சர்ஸ்’. கையெழுத்துப் போட்டவரின் பெயருக்குக் கீழே டிப்ளமோ ஒன்றும் செல் நம்பரும். இப்படிப்பட்ட பயிற்சியாளர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவெண் இல்லை. எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று கேட்டேன். ‘அரை மணி நேரம் இருக்கும் டீச்சர். என்கிட்டதான் கேள்வியா கேட்டாங்க, அவன்பாட்டுக்கு கார் உருட்டிட்டு இருந்தான்’ என்றார். அடுத்த தாளில் பேக்கேஜ். ஸ்பீச், ஓ.டி. (அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி), பிஹேவியர் மூன்றும் சேர்த்து மாதம் 12,000 ரூபாய், மூன்று மாதம் முன்பணமாகக் கட்டினால் தள்ளுபடி. தோட்டை அடகு வைத்து இரண்டு மாதம் கட்டியிருந்தார்கள்.

அந்தக் கட்டைப்பையில் இல்லாத ஒரே தாள் காது பரிசோதனை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பினோம். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு வரக்கூடியதுதான். தண்ணீருக்குள் முங்கியபடி கேட்பது போலத்தான் அவனுக்கு உலகமே கேட்டிருக்கிறது. சின்ன அறுவை, அதன் பிறகு எங்கள் மையத்திலேயே பேச்சுப் பயிற்சி. இன்றைக்கு அவன் ஒன்றாம் வகுப்பு, பேச்சை நிறுத்தச் சொல்லித்தான் டீச்சர் கத்துகிறார்.

இதை வைத்து எல்லா ஆட்டிசமும் பொய் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். என்னிடம் அப்படிச் சந்தேகத்தோடு வரும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு அது உண்மையாகவே இருக்கிறது. அவர்களுக்குச் சீக்கிரம் பயிற்சி தொடங்கினால் எவ்வளவு மாறுகிறார்கள் என்பதையும் கண்ணால் பார்த்தவள். ஆனால் காது கேட்கிறதா என்று பார்க்காமல் பேச்சு வராததற்குக் காரணம் எழுதுவதை எந்த மருத்துவமும் ஏற்காது. நம் மாவட்டங்களில் அது சர்வசாதாரணமாக நடக்கிறது.

ஏன் நடக்கிறது? அரசிடம் இருக்கும் கதவு தெரிவதில்லை, தெரிந்தாலும் திறந்திருப்பதில்லை. தேசிய குழந்தைகள் நலத் திட்டம் 2013இல் வந்தது. பிறந்ததிலிருந்து 18 வயது வரை நான்கு வகைக் குறைகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம், வளர்ச்சித் தாமதம் அதில் ஒன்று. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் மருத்துவக் குழு வண்டியில் வரும். சந்தேகம் வந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே குழந்தை மருத்துவர், உளவியலாளர், செவித்திறன் மற்றும் பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர், கண் பரிசோதகர், சிறப்பாசிரியர் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது வழிகாட்டி. படிக்கும்போது கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கிறது. நான் பிள்ளைகளை அழைத்துப் போகும் மையத்தில் ஒரு நாள் உளவியலாளர் இருப்பார், பேச்சுப் பயிற்சியாளர் இருக்க மாட்டார். இன்னொரு நாள் இரண்டு பேரும் முகாமுக்குப் போயிருப்பார்கள். இருப்பவர்கள் நல்லவர்கள், கையில் நேரம் இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம் எங்கள் முகாம். ஆண்டுக்கு ஒரு தடவை வட்டார அளவில் மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடத்துகிறோம். மேல்நிலைப் பள்ளி வராந்தாவில் மேசை போட்டு எலும்பு, கண், காது, மனநலம் என்று மருத்துவர்கள் உட்காருவார்கள். எலும்பு டாக்டரின் வரிசை பதினோரு மணிக்கே கலைந்துவிடும். மனநல மருத்துவரின் வரிசை வராந்தாவைத் தாண்டி வேப்பமரம் வரைக்கும் நீளும். ஒரு மணிக்கு அவர் மாவட்ட மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும், அங்கே புறநோயாளிகள் காத்திருப்பார்கள். அறுபது எழுபது பிள்ளைகளை அந்த நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்றால் ஒரு பிள்ளைக்கு எத்தனை நிமிடம் என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரப் பயணம் செய்து வந்த ஆட்டிசப் பிள்ளை மைக்செட் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு அலறிக்கொண்டிருக்கும். அந்த அலறலைப் பார்த்துத்தான் குறைபாட்டின் சதவீதம் எழுதப்படுகிறது.

அந்தச் சதவீதத்தில்தான் எல்லாமே இருக்கிறது. நாற்பதைத் தொட்டால் சலுகை, கீழே போனால் வெறும் தாள். ஏடிஹெச்டி அந்த இருபத்தொன்றில் இல்லவே இல்லை. எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அந்தப் பெயருக்கு மட்டும் சான்று கிடையாது. சில தனியார் ரிப்போர்ட்டுகளில் ஏடிஹெச்டிக்குப் பக்கத்திலேயே கற்றல் குறைபாடும் தவறாமல் ஒட்டிக்கொண்டு வருவதற்கு இது ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மொழிப்பாட விலக்கு, கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள் என்று சலுகைகள் இருக்கின்றன. தேவைப்படும் பிள்ளைக்கு அது பெரிய வரம். தேர்ச்சி விழுக்காட்டுப் பலகையை வாசலில் தொங்கவிடும் பள்ளிக்கும் அது வரம்தான். ஆகஸ்ட் வந்தால் போதும், ‘உங்க பையனுக்கு ஒரு சர்டிபிகேட் வாங்கிடுங்க’ என்று பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்கிறார்கள். ஒன்பது வருடம் அதே பையனுக்குப் பாடம் நடத்தியவர்களுக்குத் தேர்வு வருடத்தில்தான் குறைபாடு தெரிகிறது.

யு.கே.ஜி. பிள்ளைக்கே கற்றல் குறைபாடு என்று எழுதிய ரிப்போர்ட்டும் என் மேசைக்கு வந்திருக்கிறது. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு நெறிமுறை, எட்டு வயது நிரம்பிய பிறகே இதற்குச் சான்று என்றது. வாசிக்கவே இன்னும் சொல்லிக்கொடுக்காத பிள்ளைக்கு வாசிப்பதில் குறைபாடு என்று எப்படி எழுத முடியும்?

இன்னொன்று, பலரும் யோசிக்காதது: பிறந்த மாதம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒரே வகுப்புப் பிள்ளைகளை ஒப்பிட்டு 2012இல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே டிசம்பர் 31தான் வயது வரம்பு. வகுப்பிலேயே இளையவர்களான டிசம்பர் பிள்ளைகளுக்கு, மூத்தவர்களான ஜனவரிப் பிள்ளைகளைவிட ஏடிஹெச்டி பெயர் அதிகமாக விழுந்திருந்தது. பையன்களில் 30 சதவீதம் அதிகம், பெண் பிள்ளைகளில் 70 சதவீதம் அதிகம். நோய் மாதம் பார்த்து வராது. பதினொரு மாதம் இளைய பிள்ளை பதினொரு மாதம் இளைய பிள்ளையாக நடந்துகொள்கிறது, அவ்வளவே. நம் ஊரில் வரம்பு ஜூலை 31. இரண்டரை வயதில் ப்ரீ கே.ஜி.யில் தள்ளிவிடும் ஊர் வேறு. ‘உட்கார மாட்டேங்கிறான்’ என்று ஒரு பள்ளி எழுதி அனுப்பினால் நான் முதலில் பார்ப்பது பிறந்த தேதியைத்தான். இதைச் சொல்லித்தர ஆசிரியர் பயிற்சியில் அரை மணி நேரம் போதும்.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறு வயதுக்குக் கீழே ஏடிஹெச்டி என்றால் மருந்துக்கு முன்னால் பெற்றோருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பதுதான் உலகம் ஏற்றுக்கொண்ட முறை. அந்தப் பயிற்சி கொடுக்க எங்கள் பக்கம் ஆள் இல்லாததால் சீட்டு எழுதுவது சுலபமாகிவிடுகிறது. மறுபுறம், நிஜமாகவே மருந்து தேவைப்படும் பத்து வயதுப் பையனின் அப்பா மெத்தில்பெனிடேட் சீட்டை வைத்துக்கொண்டு கடை கடையாக அலைகிறார். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருகிற மருந்து அது, எல்லாக் கடையிலும் வைத்திருக்க மாட்டார்கள். மதுரைக்குப் போய் வாங்கி வருகிறார்.

தனியார் பள்ளிகள் பக்கம் வருகிறேன். பெயர் வந்த அடுத்த வாரமே ‘ஷேடோ டீச்சர் போடுங்க, சம்பளம் நீங்க குடுத்துருங்க’ என்பார்கள், அதாவது வகுப்பில் அந்தப் பிள்ளையின் பக்கத்திலேயே இருக்க ஒரு தனி ஆள். முடியாது என்றால் ‘இவனுக்கு ஏத்த ஸ்கூல் இது இல்ல’ என்பார்கள். அப்புறம் மாற்றுச் சான்றிதழ் கேட்டுப் பெற்றோரே விண்ணப்பம் எழுதியது போல எழுதி வாங்கிக்கொள்வார்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்றக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டம். பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், தேவையான வசதி செய்து தர வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆவது பிரிவு. ஆனால் அந்த விண்ணப்பத்தில் இருப்பது அப்பாவின் கையெழுத்து. பள்ளியைக் கேட்டால் ‘அவங்களா போனாங்க’. போகிற இடம் எங்கள் அரசுப் பள்ளி. நாங்கள் சேர்த்துக்கொள்கிறோம், சந்தோஷமாகத்தான். ஆனால் ஒரு வட்டாரம் முழுக்க இருக்கும் பள்ளிகளுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சிறப்பாசிரியர்கள். அதிலும் எல்லோரும் தொகுப்பூதியம். (இந்த மடலில் என் பெயர் இல்லாததற்கு அதுதான் காரணம் என்பதைச் சொல்லாமலே புரிந்துகொள்வீர்கள்.)

பெயர் அதிகமாக விழுகிற இடங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பெயரே விழாத பிள்ளைகளை மறந்துவிடுவோம். ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பெண். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கரும்பலகையில் இருப்பதை ஒரு புள்ளி விடாமல் எழுதிவிடுவாள். ‘ரொம்ப அமைதியான பொண்ணு மேடம், ஒரு தொந்தரவும் இல்ல’ என்றார் வகுப்பாசிரியர். அவள் எழுதியதையே வாசிக்கச் சொன்னேன். வாய் திறக்கவில்லை. ‘கொக்கு’ என்று எழுதிக்காட்டினேன், ‘காக்கு’ என்றாள். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, இரண்டையும் சேர்த்து ஒரே ஓசையாக்க வேண்டும் என்பது அவளுக்குப் பிடிபடவே இல்லை. ஏழு வருடமாக எழுத்துகளை வரைந்துகொண்டிருந்திருக்கிறாள். சேட்டை பண்ணியிருந்தால் இரண்டாம் வகுப்பிலேயே யாராவது எங்களிடம் அனுப்பியிருப்பார்கள்.

இவளை மதிப்பிட அனுப்பினால் அங்கே ஒரு கூத்து. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லி மதிப்பெண் போட்டு அனுப்பிய ரிப்போர்ட் என்னிடம் இருக்கிறது. தமிழ் எழுத்தில் தடுமாறும் பிள்ளை எங்கே தடுமாறும் என்பது எங்களுக்குத் தெரியும். கொம்பு, கால், ல-ள-ழ, ன-ண, மெய்யின் புள்ளி. தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று வயதுவாரியாகத் தரப்படுத்திய வாசிப்புத் தேர்வு ஒன்று ஒவ்வொரு மாவட்ட மையத்திலும் இருந்தே ஆக வேண்டும். சென்னை முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, கீழ்ப்பாக்கத்தில் 1794இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கிறது, எழும்பூரில் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. ஆள்பலத்துக்குப் பஞ்சம் இல்லாத தலைநகரம். இவர்களைச் சேர்த்து உட்காரவைத்தால் முடிகிற வேலை.

இன்னும் சொல்லப்போனால் கண்டுபிடிக்கத் தனிக் கணக்கெடுப்பே தேவையில்லை. ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் 2022இலிருந்து ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பாடம் நடத்துகிறோம். மூன்றாம் வகுப்பு முடிவிலும் அரும்பிலேயே நிற்கிற பிள்ளை யார் என்பது வகுப்பாசிரியருக்கு நன்றாகவே தெரியும். அந்தப் பட்டியலை எடுத்துக் கண்ணையும் காதையும் பார்த்து, பள்ளிக்கு ஒழுங்காக வந்ததா என்பதையும் பார்த்து, மிச்சம் இருப்பவர்களை மட்டும் மதிப்பீட்டுக்கு அனுப்பினால் போதும். பட்டியல் எங்கள் துறையிடம், காது பார்க்கும் கருவி உங்கள் இன்னொரு துறையிடம்.

பதின்பருவத்தினரின் மனச்சோர்வு, தேர்வு பயம், கையைக் கீறிக்கொள்வது இதையெல்லாம் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். மனநல உதவிக்கு 104, 14416 என்று தொலைபேசி எண்கள் இருக்கின்றன, பள்ளிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் சொந்த போன் இருக்காது என்பதையும், வீட்டு போனில் அப்பா பக்கத்தில் இருக்கும்போது அவள் பேச மாட்டாள் என்பதையும் மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

இனி உங்களிடம் கேட்பவை. புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டாம். தெரபி மையங்களைப் பற்றி 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 50ஆவது பிரிவு தெளிவாகவே சொல்கிறது: பதிவுச் சான்று இல்லாமல் மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் எதையும் நடத்தக் கூடாது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதிவு பெற்ற மையங்களின் பட்டியலைத் தமிழில், வேலை செய்பவர்களின் தகுதியோடும் மறுவாழ்வுக் குழுமப் பதிவெண்ணோடும் ஒட்டுங்கள். மையத்தின் வாசலிலும் அதே விவரம் இருக்கட்டும், கட்டணமும் இருக்கட்டும். மூடச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் நல்ல மையங்களும் இருக்கின்றன, அரசால் முடியாததை அவர்கள்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். எது எது என்று ஒரு தீப்பெட்டி ஆபீஸ் அம்மாவுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அப்படியே, ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று லட்சக்கணக்கில் வாங்குபவர்களையும் ஒரு கை பாருங்கள். அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இலேயே சொல்லிவிட்டது.

காதுப் பரிசோதனையும் கண் பரிசோதனையும் இணைக்கப்படாத எந்த ரிப்போர்ட்டையும் பள்ளியோ சான்று வழங்கும் குழுவோ ஏற்கக் கூடாது என்று ஓர் ஆணை போடுங்கள். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கம் தமிழில் இருக்க வேண்டும். அதில் இரண்டே விஷயம் போதும்: வீட்டில் அம்மா என்ன செய்ய வேண்டும், வகுப்பில் டீச்சர் என்ன செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் பெயரை மட்டும் எழுதிக் கையில் கொடுத்தால் அந்தக் குடும்பம் அதை வைத்து அழத்தான் முடியும்.

மாவட்ட மையங்களில் காலியிடங்களை நிரப்புங்கள், முகாமுக்கு அவர்களை அனுப்புவதைக் குறையுங்கள். மனநல மருத்துவர் ஆண்டுக்கு ஒரு முறை வராந்தாவில் எழுபது பேரைப் பார்ப்பதற்குப் பதிலாக மாதம் ஒரு நாள் தாலுகா மருத்துவமனையில் எட்டுப் பேரைப் பார்க்கட்டும். மாவட்ட மனநலத் திட்டத்தில் ஏற்கெனவே வெளியூர் நாட்கள் இருக்கின்றன, அதில் ஒன்றைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கினால் சரி. மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் ‘விழுதுகள்’ சேவை மையங்கள் இப்போது திறந்துகொண்டு வருகின்றன, நல்ல முயற்சி. அவை சுகாதாரத் துறை மையத்துக்குப் போட்டியாக இன்னொரு பதிவேட்டோடு உட்கார்ந்துவிடாமல் ஒரே கோப்பில் வேலை செய்யும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு ஒரே பிள்ளையின் கதையை அம்மா நான்கு இடத்தில் முதலிலிருந்து சொல்கிறாள்.

கடைசியாகப் பஸ். மதிப்பீட்டுக்காக மாவட்டத் தலைநகருக்குப் போய்வர அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகிறது. பெண்களுக்கு இலவசம் என்பது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில்தான், எங்கள் ஊரிலிருந்து தலைநகருக்கு அந்த பஸ் கிடையாது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் பிள்ளைக்கும் கூட வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அந்த அட்டையை வாங்குவதற்காகத்தானே அவள் மூன்று நான்கு முறை போய்வருகிறாள்? வட்டார வள மையம் கொடுக்கும் பரிந்துரைச் சீட்டைக் காட்டினால் அந்தப் பயணத்துக்கும் அதே சலுகையைத் தர வேண்டும் என்று போக்குவரத்துத் துறையிடம் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்பச் செய்யுங்கள். அது ஐந்தாவது துறை என்பது தெரியும்.

இப்படிக்கு,
வட்டார வள மையச் சிறப்பாசிரியை ஒருவர்